ஏழு நாய்களும் ஒரு விருப்பப் பாடமும்

"இன்னா மேடம், பொம்பளைங்க பாடம் எப்படிப் போய்க்கினு இருக்குது?"

ஆசிரியர் அறையில் நாலு வருஷமாக எனக்கு விழும் காலை வணக்கம் இது. கணியம்பாடியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை பார்க்கிறேன். இனவரைவியல், பண்பாடு, பாலினம் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விருப்பப் பாடம் என்று வைத்திருந்தார்கள். வரும் ஆண்டிலிருந்து அது கிடையாது; அந்த நேரத்துக்கு அலுவலகத் திறன் பயிற்சி வருகிறதாம். துறைக் கூட்டத்தில் காரணமும் சொன்னார்கள். "இதெல்லாம் டெல்லியில படிக்கிறவங்க சமாச்சாரம். நம்ம பசங்களுக்கு வேலைதான் முக்கியம்."

எனக்கு அந்த "நம்ம பசங்க" என்ற சொல்லில்தான் சண்டை.

என் வகுப்பில் ஜவ்வாது மலையிலிருந்து வரும் பிள்ளைகள் உண்டு. மலையாளிப் பழங்குடியினர். (விடுதியில் சேர்ந்த முதல் நாளே "கேரளாவா?" என்று கேட்கப்படாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.) இந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குள் வர ஒரு காகிதம் வேண்டும், கோட்டாட்சியர் தரும் பழங்குடிச் சான்றிதழ். அதில் சந்தேகம் எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லியிருக்கிறது. குடும்பத்தின் தெய்வம் எது, சடங்கு என்ன, கல்யாணம் எப்படி நடக்கும், சாவுக்கு என்ன செய்வார்கள், புதைக்கும் முறை என்ன என்று மானிடவியல் அடையாளங்களை விசாரிக்க வேண்டும். பட்டியலும் மாவட்டம் பார்த்தே பேசும். மலையாளிகளைப் பழங்குடியாகச் சொல்லும் வரியில் வட ஆற்காடு, சேலம், தருமபுரி என்று சில மாவட்டங்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ஈரோடு பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அந்த வரிக்கு வெளியே நின்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதாவது ஒரு பெண்ணின் பாட்டியை எப்படிப் புதைத்தார்கள் என்பதை வைத்து அவளுக்கு சீட்டு உண்டா இல்லையா என்று முடிவாகலாம். அந்த விசாரணையை நடத்தும் துறை எது, அதன் கேள்விகளை எழுதியது யார் என்று அவள் படித்தால் மட்டும் வேலைக்கு ஆகாதாம்!

போன வருஷம் ஒரு கதையை வகுப்பில் கொடுத்தேன். வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் இருந்து எட்கர் தர்ஸ்டன் எடுத்து, 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் சேர்த்தது. சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்துகொண்டு மூக்கின் நீள அகலத்தை அளந்து ஜாதி பார்த்த அதே தர்ஸ்டன்தான். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்கிறார்கள். இவர்கள் ஏளனமாக மறுக்க, வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மீட்க ஏழு ஆண்கள், ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பினால் நாங்கள் செத்ததாக வைத்துக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிடுகின்றன. ஆண்கள் கரையேறி, வேடர்களைக் கொன்று ஊர் திரும்பினால், மனைவிகள் தாலி அறுத்து முடித்திருக்கிறார்கள். காரியம் முடிந்த மனிதனுக்கு ஜாதியில் இடமில்லை. ஏழு பேரும் வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களே மலையாளிகள் என்று கதை முடிகிறது.

கடைசி பெஞ்சிலிருந்து மலைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேடம், தூக்கினு போன ஏழு பொண்ணுங்க அப்புறம் இன்னா ஆனாங்க?"

பதில் இல்லை. கதையில் இருபத்தொரு பெண்கள்: கடத்தப்பட்ட ஏழு பேர், விதவையாக்கப்பட்ட ஏழு பேர், புருஷனைக் கொன்றவர்களுக்கே மனைவியானார்களோ என்னவோ, அந்த வேடப் பெண்கள் ஏழு பேர். ஒருத்திக்கும் பெயர் இல்லை. ஏழு நாய்களுக்குக்கூட ஆற்றைப் பாதியில் விட்டுத் திரும்பும் உரிமை இருந்தது. இனம், பண்பாடு, பாலினம் மூன்றையும் ஏன் ஒன்றாகக் கட்டினார்கள் என்பதை நான் ஒரு பருவம் முழுக்க விளக்கியும் புரியவைக்க முடியவில்லை, அவள் கேள்வி ஒரு நிமிஷத்தில் புரியவைத்தது.

விடுமுறைக்குப் போனவள் ஆயாவிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஆயா இந்தக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லையாம். "அந்த வெள்ளக்காரன் எந்த ஊர்ல, யார்கிட்ட கேட்டான்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆய்வு நெறிமுறை என்று நாற்பது பக்கம் நோட்ஸ் எழுதிப்போட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

இங்கே என் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். 'விளிம்புநிலை', 'சொல்லாடல்', 'மற்றமை' என்று ஆரம்பித்தால் நாங்கள் நிறுத்துவதில்லை. பத்து மதிப்பெண் கேள்விக்கு ஃபூக்கோ எப்போது பிறந்தார் என்று மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம். அமிர்திக் காட்டுப் பக்கம் ஒருநாள்கூட பிள்ளைகளைக் கூட்டிப் போனதில்லை. பாடத்தை டெல்லி சமாச்சாரமாக மாற்றியதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் அதன் பிறப்பு அப்படி இல்லை. அமெரிக்காவில் இனக்குழு ஆய்வுக்கென முதல் கல்லூரி ஹார்வர்டில் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் அடுத்த மார்ச் வரை நடந்தது. 1969-ல் கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடிப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டார்கள். பண்பாட்டு ஆய்வைத் தொடங்கிவைத்த பிரிட்டன்காரர்கள் ரேமண்ட் வில்லியம்ஸும் ரிச்சர்ட் ஹோகார்ட்டும் முதியோர் கல்வி வகுப்புகளில் பாடம் எடுத்தவர்கள். ஆக, சின்னக் கல்லூரிக்கு எதற்கு இது என்று கேட்பவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

இனி வேலை. எங்கள் ஊர் ரோட்டிலேயே தெற்கே போனால் கண்ணமங்கலம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் கண்ணமங்கலம் பக்கத்துக்காரர்களும் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனார்கள் என்றது போலீஸ். கூலிக்குப் போனவர்கள், கடத்தல்காரர்கள் அல்ல என்றார்கள் வீட்டார். இறந்தவர்களில் ஒருவருடைய மனைவி, புருஷனின் உடலுக்கு மறு பிரேதப் பரிசோதனை கேட்டு நீதிமன்றம் போனார். நாய் திரும்பி வந்தால் காரியம் செய்துவிடு என்ற கதைக்குள் அவர் உட்காரவில்லை.

அவர் கேட்டதைப் புரிந்துகொள்ளவும், ஏன் அந்த மலை ஆண்களுக்குக் கோடாலிக் கூலி மட்டும் மிச்சமாயிற்று என்று கேட்கவும் ஒரு பாடவேளை வேண்டும். வாரத்துக்கு நாலு மணி நேரம். முதல்வருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்ட முப்பத்தோரு பேரில் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணும் உண்டு.