வீடு விக்கணும், ஆனா யாருக்கும் சொல்லக்கூடாதாம்!

போன வாரம் எடிசன்ல இருக்கற நண்பர் போன் பண்ணினார். நியூஜெர்சி வந்த புதுசுல எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். வேலை போயிடுச்சு. எச்-1பி விசா. அதிகபட்சம் 60 நாள், அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலைன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"தம்பி, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். ஏஜெண்ட், எம்.எல்.எஸ்.ல போட வேண்டாம், முதல்ல எங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும் காட்டறேங்கறார். நீ என்ன சொல்றே?"

நான் இதுவரைக்கும் ஒரு வீட்டை வாங்கினதும் இல்லை, வித்ததும் இல்லை. கருத்து சொல்ல அதெல்லாம் எதுக்கு? :-)

தெரியாதவங்களுக்கு: எம்.எல்.எஸ். என்பது அந்த வட்டார ஏஜெண்டுகள் எல்லாரும் சேர்ந்து வச்சிருக்கற பொதுப் பட்டியல். ஒருத்தர் போட்டா அத்தனை பேரும் பார்க்கலாம், ஜில்லோ மாதிரி தளங்களுக்கும் போயிடும். நம்ம ஊர் புரோக்கர் வீட்டு விலாசத்தையே கடைசி வரைக்கும் சொல்லமாட்டார் இல்லையா, அதுக்கு நேர் எதிர். பொது விளம்பரம் செஞ்சா ஒரு வேலை நாளுக்குள்ள எம்.எல்.எஸ்.ல போட்டாகணும்னு ரியல்டர்கள் சங்கம் 2020-ல விதியே கொண்டு வந்தது. ஆனா ஆபீசுக்குள்ளேயே வச்சுக்கிட்டா அந்த விதி தடுக்கலை. 'பிரைவேட் எக்ஸ்க்ளூசிவ்' நுழைஞ்சது அந்த ஓட்டை வழியாத்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். வீடு 6,50,000 டாலர், ஒவ்வொரு பக்கத்துக்கும் கமிஷன் 2.5% என்று வச்சுக்குவோம். வெளி ஏஜெண்ட் ஆள் கொண்டு வந்தா இவங்களுக்கு 16,250. வாங்கறவரும் இவங்க ஆளாவே இருந்தா 32,500! அதே சமயம், நாலு பேர் போட்டி போட்டு விலை 20,000 ஏறினா நண்பருக்கு 19,000 கிடைக்கும், ஏஜெண்ட் பக்கத்துக்கு வெறும் 500. அவர் எதுக்கு மெனக்கெடுவார்னு நீங்களே சொல்லுங்க. லெவிட்டும் சிவர்சனும் சிகாகோ பக்கத்து வீட்டு விற்பனைகளை ஆராய்ஞ்சு பார்த்ததுல, ஏஜெண்டுகள் சொந்த வீட்டை விக்கும்போது கூடுதலா ஒன்பது நாளுக்கு மேல காத்திருந்து, 3.7% அதிக விலைக்கு வித்திருக்காங்க. ஊரான் வீடுன்னா அவ்வளவு பொறுமை இல்லை போல.

மறுபக்கமும் இருக்கு. பிரபலங்கள், விவாகரத்து, வீட்டுல நோயாளி, இவங்களுக்கு ரகசியம் தேவைதான். எம்.எல்.எஸ்.ல வீடு ரொம்ப நாள் கிடந்தா, 'என்ன குறையோ'ன்னு விலையை அடிப்பாங்க, அதுவும் நிஜம். ஆனா 60 நாள் கெடு இருக்கறவருக்கு ரகசியம் எதுக்கு? லோன் எல்லாம் முடிஞ்சு கைக்கு காசு வரவே 30-45 நாள் ஆகும். ஒளிச்சு வைக்கற ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

இன்னொண்ணு. இன்னாருக்கு மட்டும் காட்டுவோம்னு ஆரம்பிச்சா, நாளைக்கு வாங்கப் போற நம்மள மாதிரி ஆளுங்க அந்த வட்டத்துக்குள்ள இருப்போமாங்கறது சந்தேகம்தான்.

நண்பர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கச் சொன்னேன்: "உங்க ஆபீஸ் ஆளே வாங்கினா கமிஷன்ல எவ்வளவு குறைப்பீங்க?"

ஏஜெண்ட் யோசிச்சு சொல்றேன்னாராம். மறுநாள் வீடு எம்.எல்.எஸ்.ல வந்துடுச்சு. இந்த சனி, ஞாயிறு ஓபன் ஹவுஸ். நல்ல விலை வரட்டும். அதை விட, வீட்டை விக்கவே வேண்டாம்ங்கற மாதிரி அவருக்கு ஒரு வேலை வரட்டும்.