விமானத் தொழிலாளர் ஒருமைப்பாடும் கற்றோர் மயக்கமும்

விமானப் போக்குவரத்துத் துறையில் சம்பள வெட்டும் ஆட்குறைப்பும் தலைதூக்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாது முன்வைக்கப்படுகின்றது. விமானியின் பயிற்சி வேறு, இயந்திரம் திருத்துபவரின் தொழில் வேறு, பணிப்பெண்ணின் கடமை வேறு. ஆகவே ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் நலனைத் தனித்தனியே பேசித் தீர்த்துக்கொள்வதே அறிவுடைமை என்பதே அவ்வாதம். விவேகம்போலத் தோன்றும் இக்கூற்று, உண்மையில் நிர்வாகங்களின் கையிலுள்ள மிகக் கூரிய ஆயுதமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இதற்குச் சான்று.

விமானக் கட்டணங்கள்மீதும் வழித்தடங்கள்மீதும் இருந்த அரச கட்டுப்பாட்டை நீக்க அந்நாடு 1978இல் சட்டமியற்றியது. தொடர்ந்தெழுந்த போட்டியின் சுமையை நிறுவனங்கள் தொழிலாளர் தலையில் ஏற்றின. 1983 ஓகஸ்ட் 12இல் கொன்ரினென்ரல் நிறுவனத்தின் இயந்திரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விமானிகளும் பணிப்பெண்களும் யாது செய்தனர்? மறியல் வரிசையைக் கடந்து கடமைக்குச் சென்றனர். ஆறு வாரங்கள் கழிந்தன. செப்ரெம்பர் 24இல் பிராங் லொரென்சோவின் நிர்வாகம் வங்குரோத்துச் சட்டத்தின்கீழ் நீதிமன்றப் பாதுகாப்பை நாடித் தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தூக்கியெறிந்தது. சுமார் 12,000 ஊழியருள் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் வேலையிழந்தனர். திரும்ப அழைக்கப்பட்டோர் முன்னைய சம்பளத்தின் ஏறக்குறைய அரைப்பங்குக்கே பணிபுரிய நேர்ந்தது. ஒக்ரோபர் 1இல் விமானிகளும் பணிப்பெண்களும் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆனால் காலம் கடந்துவிட்டது. விமானிகளின் போராட்டம் ஈராண்டுக்கு மேல் இழுபட்டுத் தோல்வியில் முடிந்தது.

இதற்கு மாறானது யுனைற்றட் நிறுவன விமானிகளின் அனுபவம். 1985இல் அந்நிறுவனம் புதிதாகச் சேரும் விமானிகளுக்குக் குறைந்த சம்பளத் திட்டமொன்றைத் திணிக்க முற்பட்டது. வேலைநிறுத்தம் வந்தால் முறியடிப்பதற்கென 500இற்கு மேற்பட்ட புதியவர்களையும் பயிற்றிவைத்திருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் பணிக்குச் செல்ல மறுத்தனர். பணிப்பெண்களும் விமானிகளுக்குத் துணைநின்றனர். 29 நாட்கள் நீடித்த அப்போராட்டம் முழுவெற்றி பெற்றதன்று. இருதரச் சம்பளமுறை அடியோடு ஒழியவுமில்லை. எனினும் சங்கம் உடையவில்லை.

ஈஸ்ரேண் நிறுவனத்தைச் சுட்டி இதனை மறுப்போர் உளர். 1989 மார்ச்சில் அங்கு இயந்திரத் தொழிலாளருடன் விமானிகளும் பணிப்பெண்களும் இணைந்து நின்றனர். 1991 ஜனவரியில் நிறுவனமே மூடப்பட்டது. எனவே ஒற்றுமை வேலையையும் அழித்தது என்பர். இவர்கள் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. வேலைநிறுத்தத்துக்கு முன்னரே, 1987இல், ஈஸ்ரேணின் ஆசன முன்பதிவு முறைமை லொரென்சோவின் தாய்க் கம்பனியின் கைக்கு மாற்றப்பட்டிருந்தது. 1990இல் வங்குரோத்து நீதிமன்றமே அவரது கட்டுப்பாட்டை அகற்றிப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தது. நிறுவனத்தை உறிஞ்சியவர் எவர் என்பதற்கு இதனினும் மேலான சாட்சியம் வேண்டுமோ?

ஒற்றுமை வெற்றிக்கு உத்தரவாதமன்று. பிரிவினையோ தோல்விக்கு உத்தரவாதம். கொன்ரினென்ரல் விமானிகளை வீழ்த்தியது அறியாமையன்று; தாம் கற்ற தொழில்வல்லுநர், கூலித் தொழிலாளர் அல்லர் என்ற மயக்கமே. சம்பளத்தில் வாழும் எவருக்கும் பட்டமும் பதவியும் அரணாகா. மருத்துவராயினும் பொறியியலாளராயினும் விரிவுரையாளராயினும் இவ்வுண்மைக்கு விலக்கல்லர். அடுத்த பிரிவினரின் வேலைநிறுத்தத்தைத் தூரநின்று நோக்குபவர், தமது முறை வரும்போது துணைக்கு எவருமின்றி நிற்பர்.