இன்றே கடைசி!

சினிமா போஸ்டர் மேல் குறுக்கே 'இன்றே கடைசி' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால்தான் நமக்குச் சுறுசுறுப்பே வரும். கரன்ட் பில்லோ, வருமான வரியோ, எதையும் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டுவது ஏதோ தெய்வக் குத்தம் மாதிரி! பி.காம். படித்த அடியேனும் இதற்கு விதிவிலக்கல்ல.

2019-ல் கீழடிக்குப் போனதும் அப்படித்தான். ஊர்ப் பேரிலேயே மதுரையை வைத்துக்கொண்டிருக்கும் வடமதுரைக்காரன் நான். மதுரையைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடி. 2015-லிருந்து தோண்டுகிறார்கள். 'அடுத்த மாசம் போகலாம்' என்றே நாலு வருஷம் ஓடிவிட்டது. அக்டோபர் 13-ம் தேதியோடு ஐந்தாம் கட்ட அகழாய்வு முடிகிறது, அப்புறம் குழிகளை மூடிவிடுவார்கள் என்று தெரிந்ததும் பக்கத்து ஸீட் நண்பர் பதறிப்போனார்.

"மூடிட்டா அப்புறம் என்னத்தய்யா பாக்குறது? கிளம்பு!"

ஆயுத பூஜை லீவில் கிளம்பினோம். தென்னந்தோப்புக்குள் திருவிழாக் கூட்டம். குழிகளுக்குள் செங்கல் சுவர், உறைகிணறு.

"அரண்மனை எங்கப்பா?" என்று ஒரு பொடியன் கேட்டான். அப்பா திருதிருவென்று விழித்தார்.

அரண்மனை இல்லாததுதான் விசேஷமே! நாலாம் கட்டத்தில் மட்டும் 5,820 பொருட்கள் எடுத்தார்கள். அதில் சுமார் 600 வட்டச் சில்லு. ஆமாம் சார், பாண்டி விளையாடுகிற அதே சில்லுதான்! 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 580 என்று பதில் வந்தது. 56 பானை ஓடுகளில் தமிழி எழுத்து. 'ஆதன்' என்று ஒரு பேர்.

"பானையில எதுக்குய்யா பேரைக் கிறுக்கி வெச்சிருக்கான்?" என்றேன்.

"உங்க வீட்டு எவர்சில்வர் சொம்புல எதுக்குப் பேர் வெட்டியிருக்கு?" என்றார் நண்பர்.

அதானே! பக்கத்து வீட்டுக்குப் போன பாத்திரம் பத்திரமாகத் திரும்பி வர வேண்டாமா? ஆதன் சட்டென்று எங்கள் தெருக்காரன் ஆகிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரணில் ஏறினேன். அப்பத்தா பேர் வெட்டிய பித்தளை அண்டா ஒன்று இருந்தது. காணோம்.

"அம்மா, அண்டா எங்கே?"

"எடைக்குப் போட்டு குக்கர் வாங்கி ரெண்டு வருஷமாச்சு. பரணை அடைக்குதுன்னு நீதானடா தூக்கிட்டுப் போனே?"

கீழடிக் குழிகளை மூடியதில் நஷ்டம் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதை மண் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். எடுத்த பொருட்களுக்கு 2023 மார்ச் 5-ல் செட்டிநாட்டு வீடு மாதிரி ஓர் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள். நிதானமாகப் போய்ப் பார்க்கலாம். பானை உடைந்தும் ஆதன் பேர் ஈராயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது. பித்தளையில் வெட்டிய எங்கள் அப்பத்தா பேர் மூணு லிட்டர் குக்கராகி விசில் அடிக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தரம் ஏறிப் பாருங்கள். அங்கே யாரும் 'இன்றே கடைசி' ஒட்ட மாட்டார்கள்.