கண்ணாடிப் பூக்கள் கடல் கடந்த கதை

கண்ணாடிக் குவளை ஒன்றை மேசையிலிருந்து அலுமாரிக்கு எடுத்துச் செல்லும்போதே "கவனம், கவனம்" என்று வீட்டில் குரல் எழுகின்றது. அப்படியாயின், மயிரிழை போன்ற மகரந்தக் கேசரங்களும் மெல்லிய இதழ்களுங் கொண்ட கண்ணாடிப் பூக்களை ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியவர்களின் நெஞ்சு எவ்வாறு துடித்திருக்கும்!

டிறெஸ்டன் நகரையடுத்த ஹொஸ்டர்விற்ஸ் என்னும் ஊரில் லியோப்போல்ட் பிளாஷ்காவும் அவர் மைந்தர் றூடோல்பும் கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடியில் உருவாக்கி நூதனசாலைகளுக்கு விற்று வந்தனர். 1886 ஆம் ஆண்டில் ஹாவாட் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜோர்ஜ் லிங்கன் குடேல் அவர்களைத் தேடிச் சென்றார். மாணவர்க்குக் காட்டத் தாவர உருவங்கள் அவருக்கு வேண்டியிருந்தன. உலர்த்திய செடி நிறமிழந்து தட்டையாகிவிடுமன்றோ? தந்தையும் மைந்தரும் முதலில் தயங்கினர். பின்னர் சில மாதிரிகளைச் செய்தனுப்ப இசைந்தனர்.

அம்மாதிரிகள் நியூயோர்க் சுங்கச் சோதனையிற் பெரிதும் நொறுங்கிப் போயின. வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பார். குடேலோ அவ்வுடைந்த துண்டுகளிலேயே வேலைத்திறனைக் கண்டார். அவற்றைக் கண்ட எலிசபெத் வெயர் அம்மையாரும் அவர் மகளார் மேரி லீ வெயரும் முழுச் செலவையும் ஏற்க முன்வந்தனர். இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதன்பின் பொதி கட்டுவதே ஒரு கலையாயிற்று. ஒவ்வோர் உருவமும் தடித்த அட்டையிற் கம்பியாற் பிணைக்கப்பட்டது. பெட்டி குலுங்கினாலும் பூ அசையாது. அசையாத பொருள் எதனோடும் மோதாது. மெல்லிய தாள் திணித்த அட்டைப் பெட்டிகள் வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டியினுள் வைக்கப்பட்டன. வெளியதிர்ச்சியை வைக்கோல் தாங்கிக்கொண்டது. மரப்பெட்டியின் மேலே சாக்கும் சுற்றப்பட்டது.

எனினும், முதற் பொதியைக் கெடுத்தது திறந்த கையேயன்றோ? ஆதலின், பெட்டிகள் துறைமுகத்தில் அவிழ்க்கப்படாமலே நூதனசாலைக்குச் செல்லவும், அங்கே சுங்க அதிகாரியின் முன்னிலையில் திறக்கப்படவும் ஒழுங்கு செய்யப்பட்டது. 1895 இல் தந்தையார் மறைந்த பின்னும் மைந்தர் தனியே உழைத்தார். 1936 வரை 4,000 க்கு மேற்பட்ட உருவங்கள் இவ்வாறு கடல் கடந்தன.

தாம் செய்த களிமண் உருவையோ சிறு படகையோ பிறநாட்டு உறவினர்க்கு அனுப்ப விரும்பும் மாணவர்கள் இம்முறையைக் கைக்கொள்ளலாம். முதலில் பொருளை அட்டையோடு அசையாது கட்டுங்கள். பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். எந்தக் கட்டை முதலில் அவிழ்க்கவேண்டுமென ஒரு தாளில் எழுதி, மூடியைத் திறந்ததும் கண்ணிற் படுமாறு மேலே வைத்துவிடுங்கள்.