எல்லையைத் தாண்டினா போதை தெளிஞ்சிடுமா?

ஐரோப்பாவில் கார் எடுத்துக்கொண்டு கிளம்பினால் காலையில் ஒரு நாடு, மதியம் இன்னொரு நாடு என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு நாட்டில் எடுத்த லைசென்ஸ் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும். ஆனால் ரூல்ஸ் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். "எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும். எல்லாம் வேண்டாம், ஆனால் ஒன்றை மட்டும் ஒண்ணாக்கியே ஆகணும் என்பது என் கருத்து.

சில வித்தியாசங்களில் நியாயம் இருக்கு. பிரான்ஸ் மோட்டார்வேயில் மணிக்கு 130 கி.மீ. போகலாம், மழை பெய்தால் 110 தான். ஜெர்மனியில் பனி படிந்த சாலையில் ஓட்ட அதற்கான டயர் கட்டாயம். பனியே விழாத மால்டாவுக்கு அந்த ரூல் எதுக்கு? அதே மால்டா, சைப்ரஸ், அயர்லாந்து, பிரிட்டன் நான்கும் இடப்பக்கம் ஓட்டுகின்றன. நாலுமே தீவு நாடுகள், யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் சுவீடனுக்குப் பக்கத்து நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம். அதனால் 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் சுவீடனும் வலப்பக்கம் மாறியது. மனசு வெச்சா முடியும்!

குடித்துவிட்டு ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். ஹங்கேரியில் வரம்பு பூஜ்யம். பக்கத்திலேயே ஆஸ்திரியாவில், 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 50 மி.கி.க்குக் கீழே இருந்தால் சாதாரண ஓட்டுநருக்குப் பிரச்சினை இல்லை. சுவீடனில் 20. இங்கிலாந்தில் 1967ல் வந்த வரம்பு 80. ஸ்காட்லாந்து மட்டும் 2014ல் அதை 50 ஆகக் குறைத்தது. அதாவது 60 மி.கி.யோடு ஓட்டுகிறவர் ஸ்காட்லாந்தில் குற்றவாளி. தெற்கே வந்து ஒரு போர்டைத் தாண்டினால், இங்கிலாந்தின் 80க்குள் வந்துவிடுவார். அதே ஆள், அதே கார், அதே ரத்தம். பிரேக் மிதிக்க அவர் எடுக்கும் நேரம் மட்டும் குறைஞ்சிடுமா என்ன?

"பீரும் ஒயினும் அவங்க கலாச்சாரம்" என்று சிலர் சொல்வார்கள். பீருக்கே பேர்போன செக் நாட்டில் ஓட்டுபவருக்கு வரம்பு பூஜ்யம்தான். அங்கே யாரும் பீரை விட்டுடலை. குடிச்சா ஸ்டியரிங்கைத் தொடாதே, அவ்வளவுதான்.

மழைக்கும் பனிக்கும் ஏற்ப ரூல் மாறட்டும். மனுஷ உடம்பு எல்லா நாட்டிலும் ஒண்ணுதான். எதிரே சைக்கிளில் வருகிறவரின் உயிர், அவர் எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தா இருக்கணும்? நீங்களே சொல்லுங்க.