எத்தனை கியர்னு கேட்காதீங்க!

டூரிங் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை கியர்?" அடுத்தது, "எத்தனை கிலோ?" இரண்டுமே தப்பான கேள்வி. வண்டி ரேஸுக்கா போகுது? மூட்டை முடிச்சோடு மலை ஏறப் போகுது!

கொல்லிமலையையே எடுத்துக்குங்க. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் 65 கிலோ, சைக்கிள் 15, பைகள் 20, ஆக 100 கிலோ. 22 கியர் ரோட் பைக் ஒன்றில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதுக்கு 28 பல் என்று வைப்போம். அதில் இருப்பதிலேயே லேசான கியர் இதுதான். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 2.6 மீட்டர் போயே ஆகணும். நிமிஷத்துக்கு 60 சுற்று, 8 சதவீத ஏற்றம் என்றால் 200 வாட்டுக்கு மேல் வேண்டும். மணிக்கணக்கில் அப்படி மிதிக்க சாதாரண ஆளால் முடியாது. எழுந்து நின்று முக்கி முனகி மிதிப்பார். முழங்கால் பழுத்துவிடும். அப்புறம் சைக்கிள் மொட்டை மாடியில் துணி காயப்போட உதவும்.

முன்னால் 26, பின்னால் 34 இருந்தால்? ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர், அதே 60 சுற்றுக்குச் சுமார் 140 வாட். வேகம் மணிக்கு 6 கி.மீ.தான். போகட்டுமே, மலை என்ன ஓடியா போயிடும்? முன்னால் ஒரே ஒரு 32, பின்னால் 50 வரை என்று வெறும் 12 கியரில் இதைவிட லேசாகவே வருது. அப்போ அந்த 22 எதுக்கு?

சைக்கிளில் அரை கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்களும் இருக்காங்க. 100 கிலோவில் அது அரை சதவீதம். பையில் இருக்கிற ஜீன்ஸை வீட்டில் விட்டுட்டுப் போனாலே அவ்வளவு குறையும். எடை குறைகிறது என்று பின் சக்கரத்தில் 24 கம்பியோடு போகிறவர், நடுக்காட்டில் ஒரு கம்பி அறுந்தால் சக்கரம் நெளிந்து பிரேக்கில் உரசுவதைப் பார்ப்பார். 36 கம்பி இருந்தால் ஒன்று போனாலும் அடுத்த ஊர் வரை ஓட்டிடலாம்.

லேசான கியர் கிழவர்களுக்குத்தான் என்கிற கௌரவம் ரேஸ்காரர்கள் கொடுத்தது. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸில், செயினை மாற்றும் டீரெய்லரை எல்லா வீரர்களும் பயன்படுத்த 1937இல்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் அதே பிரான்ஸில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் தெ விவி, பல கியர் வைத்த சைக்கிளில் மலைகளைச் சுற்றிவிட்டு 1930இலேயே போய்ச் சேர்ந்துட்டார். டூரிங்காரர்கள் முந்தி, ரேஸ்காரர்கள் பிந்தி. இன்றைக்கு யாரைப் பார்த்து யார் வாங்குறாங்க பாருங்க!

"இப்போ இதை எடுத்துக்குங்க, பெரிய பல்சக்கரம் அப்புறம் மாட்டிக்கலாம்" என்பார் கடைக்காரர். மாட்ட முடியாது சாமி. ரோட் பைக்கின் குட்டை டீரெய்லர் பலவற்றுக்கு 28, 30 பல்லோடு சரி. 34 போட்டால் டீரெய்லரை மாத்தணும். புது டீரெய்லர் பழைய ஷிஃப்டரோடு ஒத்துப்போகலைன்னா அதையும் மாத்தணும். அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு தடவை கொல்லிமலை போய் வந்துடலாம்.