அறுபது நாள் யாருக்காக?

நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு. திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊரில் தாளடி நடவு தொடங்கும் நேரம். பண்ணையின் காரியஸ்தர் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். சேரிக்குள் இறங்கி வரமாட்டார். அம்மாவைவிடப் பத்து வயது இளையவர், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நடவு இருக்கு. பொம்பளைங்கள அழைச்சுக்கிட்டு வந்துடு."

"கூலி என்னங்க?"

"போன வருசம் குடுத்ததுதான்."

"அப்ப நாங்க வாய்க்கா வேலைக்கே போறோங்க."

வாய்க்கால் வேலை என்று அம்மா சொன்னது நூறு நாள் வேலையை. மூன்றாம் நாள் காரியஸ்தர் மறுபடி வந்தார். கூலியில் இருபது ரூபாய் கூடியிருந்தது. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் நடவுக்குப் போனார்கள்.

ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் புதிய சட்டத்தைப் படித்தபோது எனக்கு அந்த இருபது ரூபாய்தான் நினைவுக்கு வந்தது. 2005-ஆம் ஆண்டின் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில், 'விபி-ஜி ராம் ஜி' எனப்படும் சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 100 நாள் 125 நாளாகிறது என்பது விளம்பரம். இதுவரை முழுக்க ஒன்றிய அரசு ஏற்றுவந்த கூலிச் செலவில் இனி 40 விழுக்காட்டைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும். இதைப் பலரும் பேசிவிட்டார்கள். டெல்டாக்காரர்கள் பேச வேண்டிய பிரிவு இன்னொன்று. விதைப்பு, அறுவடை உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் இந்த வேலை நடக்கக் கூடாது. எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

'மீதி 305 நாளில் 125 நாள் வேலை பார்க்க முடியாதா?' என்று கேட்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் கூலி பேசும் பலம் 365 நாளும் ஒன்றாக இருப்பதில்லை. சித்திரை வெயிலில் வயல் காய்ந்து கிடக்கும்போது எங்களை யாரும் தேடி வரமாட்டார்கள். நடவின்போதுதான் மிராசுதாருக்கு எங்கள் கை தேவைப்படுகிறது; அப்போதுதான் எங்கள் பேச்சுக்கு விலை உண்டு. அந்த வாரங்களைப் பார்த்து மாற்று வேலையை நிறுத்தினால், 'வாய்க்கா வேலைக்கே போறோம்' என்று இனி எந்தப் பெண்ணும் சொல்ல முடியாது.

தஞ்சைத் தரணியில் கூலிக் கேள்வி எப்போதும் சாதிக் கேள்வியாகவே இருந்திருக்கிறது. என் தாத்தா பண்ணையாள். சாணிப்பாலும் சவுக்கடியும் அவர் தலைமுறைக்குக் கதை அல்ல. செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடிய பிறகுதான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அன்று உள்ளூர் ஆட்களைப் பணியவைக்க நிலவுடைமையாளர்கள் கையாண்ட வழி, வெளியூர் ஆட்களை வயலில் இறக்குவது. வெண்மணிக்குப் பிறகே, 1969-இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நூறு நாள் வேலை 2006-இல் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் வெண்மணி இருக்கும் நாகப்பட்டினமும் ஒன்று. தஞ்சாவூரும் திருவாரூரும் மறு ஆண்டே சேர்ந்தன.

ஆள் பற்றாக்குறையால் விவசாயம் அழிகிறது என்பது பழைய புகார். 2011-இல் அன்றைய வேளாண் அமைச்சர் சரத் பவாரும் உழவுக் காலத்தில் இத்திட்டத்தை நிறுத்திவைக்கச் சொன்னவர்தான். டெல்டாவில் இன்று அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆகவே அறுவடைக் காலத்தில் வேலையை நிறுத்தி யாருக்கு ஆள் சேர்க்கப் போகிறார்கள்? கேட்ட கூலிக்கு வரும் ஆள்தான் இங்கே பற்றாக்குறை.

குத்தகைக்கு இரண்டு மா உழும் சிறு விவசாயியின் சிரமம் உண்மையானது. அவர்களில் எங்கள் உறவினர்களும் உண்டு. ஆனால் அவரை நசுக்குவது உர விலையும் குத்தகையும் கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல்லும். அந்த நட்டத்தை நடவுப் பெண்ணின் கூலியிலிருந்து ஈடுகட்டச் சொல்வது நியாயமா?

இதே அமைச்சகம் 2021-இல் நூறு நாள் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, இதரர் என மூன்றாகப் பிரித்து வழங்கச் சொன்னது. ஒரே வாய்க்காலில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகே அது கைவிடப்பட்டது. கூலிப் பட்டியலில் சாதியைத் தேடிப் பிரித்த அமைச்சகத்துக்கு, நிலம் யாரிடம் இருக்கிறது, சேற்றில் குனிந்து நடுவது யார் என்பதில் மட்டும் சாதி தெரியவில்லை.

பசிக்கு அஞ்சும் மனிதருக்கு அடிப்படை உரிமைகளால் என்ன பயன் என்பதை அம்பேத்கர் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் விவாதித்திருக்கிறார். வேலை இழக்கும் அச்சம் இருக்கும்வரை ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். காரியஸ்தரிடம் அம்மா நிமிர்ந்து பேசியது அந்த அச்சம் கொஞ்சம் குறைந்ததால்தான்.

அந்த 60 நாள் பிரிவு நீக்கப்பட வேண்டும். அதுவரை, நாட்களைத் தீர்மானிக்கும் பொறுப்பு தமிழ்நாடு அரசின் கையில் இருக்கிறது. நிலவுடைமையாளர் சங்கங்களை மட்டும் அழைத்துப் பேசி அரசு அந்த நாட்களைக் குறிக்கக் கூடாது. டெல்டாவின் ஒவ்வொரு கிராம சபையிலும் நடவுப் பெண்கள் இதைப் பற்றிப் பேச வேண்டும். ஊருக்குத் திரும்பும் படித்த பிள்ளைகள் நாம் அந்தச் சட்டப் பிரிவைத் தெருவில் உட்கார்ந்து படித்துக்காட்ட வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நான் என் அம்மாவிடமிருந்து தொடங்கப் போகிறேன்.